கீறலும் ஒரு சுரம்

டர்ன்டேபிள் வாசிப்பவர் என்றதும் பறக்கும் விரல்களும், முன்னும் பின்னும் தேய்படும் தட்டும், அதிரும் அரங்கும்தான் நினைவுக்கு வரும். லிவர்பூலில் வாழ்ந்த பிலிப் ஜெக் (1952–2022) அந்தப் பரபரப்பின் பக்கமே போகவில்லை. ஒரு காலத்தில் வீட்டுக் கூடங்களில் பாடிய பழைய பிளேயர்கள், சீந்துவாரற்றுக் கிடந்த கீறல் விழுந்த இசைத்தட்டுகள், பக்கத்தில் ஒரு சின்ன கேசியோ கீபோர்டு. மேடையில் அவர் கச்சேரி இவ்வளவுதான்.

அந்தப் பழைய பிளேயர்களில் 78, 45, 33⅓ போக, 16⅔ என்று நான்காவதாக ஒரு வேகமும் உண்டு. 33⅓-க்குப் பதிந்த தட்டை அதில் ஓட்டினால் வேகம் சரிபாதி. சுருதியும் ஒரு முழு ஸ்தாயி இறங்கிவிடும். வயலின் செல்லோவாகக் கனக்கும். தட்டின்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினால் போதும், ஊசி இடறி ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டு அதே துணுக்கைத் திரும்பத் திரும்பப் பாடும். 16⅔-இல் ஒரு சுற்றுக்கு 3.6 விநாடி. பக்கத்துப் பிளேயர் 45-இல் ஓடினால் அதன் சுற்றுக்கு 1.33 விநாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இது 10 சுற்று முடிக்க, அது 27 முடிக்கும், 36 விநாடிக்கு ஒருமுறைதான் இரண்டும் சமத்தில் வந்து சேரும். மோட்டார்கள் ஒழுங்காக ஓடினால்! அந்தக் கிழட்டு மோட்டார்கள் எங்கே ஒழுங்காக ஓடப்போகின்றன? சேர வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை தப்பும். ஜெக்கின் லயம் குடியிருப்பது அந்தத் தப்பலில்தான்.

1993-இல் லோல் சார்ஜென்டுடன் சேர்ந்து 180 பிளேயர்களை வைத்து 'வினைல் ரெக்வியம்' நிகழ்த்தியவர் இவர். எண் மலைக்க வைக்கிறது. எனக்கென்னவோ, இரண்டு மூன்று பிளேயர்களோடு பிறர் நடுவே அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஜெக்தான் பெரியவராகத் தெரிகிறார்.

அதற்குச் சான்று, கேவின் பிரையர்ஸின் 'டைட்டானிக் மூழ்கல்'. 1912-இல் கப்பல் மூழ்கும்போதும் அதன் வாத்தியக்குழு ஒரு துதிப்பாடலை வாசித்துக்கொண்டிருந்ததாம். அந்த வாசிப்பு தண்ணீருக்குள்ளும் ஓயாமல் தொடர்ந்திருந்தால் எப்படிக் கேட்கும் என்ற கற்பனையிலிருந்து 1969-இல் பிரையர்ஸ் தொடங்கிய படைப்பு அது. 2005-இல் வெனிஸில் இத்தாலியின் ஆல்டர் ஈகோ குழுவும் பிரையர்ஸும் ஜெக்கும் சேர்ந்து அதை நிகழ்த்தினார்கள். பதிவு 2007-இல் வெளிவந்தது.

தொடக்கத்தில் வெகுநேரம் ஜெக் மட்டும்தான். முதலில் வெறும் சடசடப்பு, தாளித்த கடுகு அடங்கும் நேரத்து ஓசை. காது பழகப் பழக, அதற்கு அடியில் ஏதோ ஒன்று பெருமூச்சு விடுவது புலப்படுகிறது: எந்தத் தட்டிலிருந்து வந்ததென்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிப்போன நாதம். பிறகு தந்திகள் அந்தத் துதிப்பாடலை எடுக்கின்றன, அவசரமே இல்லாமல். ஜெக் விலகி வழிவிடுவதில்லை, முந்துவதும் இல்லை. சடசடப்பை அடியில் ஓடவிடுகிறார். அது அங்கே இருப்பதாலேயே, அந்தக் கணத்தில் இழுபடும் வில்லின் நாதம்கூட நூறாண்டு முந்திய பதிவாகக் காதில் விழுகிறது. மேடையில் உயிரோடு வாசிப்பவர்களைப் பழந்தட்டாக்கிவிடும் பக்கவாத்தியத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நல்ல ஹெட்போனில் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் கீழ் நாதமெல்லாம் போய்ச் சடசடப்பு மட்டும் மிஞ்சும். போன் ரிப்பேரா என்று வீட்டில் கேட்பார்கள்.