நடுவில் நின்று பயனில்லை

"எந்தப் பக்கம் பாய்வான்னு அவனுக்கே தெரியாது!" மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்தக் கபடித் திடலுக்குப் போனாலும் ஒரு ரைடரைப் பற்றி மைக்கில் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் கைதட்டியவன்தான். நம் பையன்கள் அவனிடம் அடிவாங்கிய பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

யாரைக் குறிவைக்கிறான் என்பதை மட்டும் எழுதினேன்: இடது கார்னர், வலது கார்னர், போனஸ். இதற்குச் சராசரி போட முடியாது. இரண்டு கார்னருக்கும் சராசரி பார்த்தால் அவன் போகவே போகாத நடுமணல்தான் வரும். நம் டிஃபென்ஸும் அங்கேதான் போய்க் குவிந்தது! இதற்கு வேண்டியது முகடு, அதாவது அதிக முறை வரும் மதிப்பு.

பைத்தான் கணினி மொழியில் அது நாலு வரி வேலை. காலி டிக்‌ஷனரி ஒன்று வை. ஒவ்வொரு ரைடாகப் படித்து, அந்தப் பெயருக்கு நேரே ஒன்றைக் கூட்டு. கடைசியில் பெரிய எண் யாருக்கு என்று பார். அதற்கும் சோம்பல்பட்டு, ரெடிமேடாக இருக்கும் 'மோட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். "இடது கார்னர்" என்றது. நம்பி ஒரு ராத்திரி ஏமாந்தோம். கையால் எண்ணினால் இடதும் வலதும் சமம்! சமமாக வந்தால், பட்டியலில் முதலில் வந்ததை அது சொல்லிவிடும். 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து இப்படி. அதற்கு முன்பு பிழை காட்டி நின்றுவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சமமானவை எல்லாமே வேண்டுமென்றால் 'மல்டிமோட்'.

சமம் என்றால் மைக்காரர் சொன்னது சரியா? இல்லை. இரண்டு ரைடு காலியாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அவுட். அந்தத் தேர்டு ரைடுகளை மட்டும் தனியே பிரித்து எண்ணினேன். வலது கார்னர்தான் முகடு. மற்றது எதுவும் பக்கத்தில்கூட இல்லை. நிதானத்தில் மாற்றி மாற்றி ஆடுகிறவன், நெருக்கடியில் பழகிய காலைத்தான் நீட்டுகிறான். முப்பது விநாடியில் பெரும்பகுதி இடதுபக்கம் பாவ்லா. கடைசியில் சட்டென்று திரும்பி வலது கார்னர்மீது ஒரு உதை.

இந்த சீசன் முடிவதற்குள் இதிலேயே அவன் சிக்குவான். இரண்டு முறை சிக்கினால் உஷாராகி, எதிரே ஆறேழு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டுக்கு மாறுவான். அப்போது பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அதுவரை, வலது கார்னர் தம்பி, அவன் இடதுபக்கம் ஆட்டம் காட்டும்போது உள்ளே ஏறாதே. கால் தானாக உன்னிடம் வரும். கணுக்காலைப் பிடி.