ஆடையா, ஆற்றலா?

அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கு 1949ஆம் ஆண்டு முதல் எம்மி விருது வழங்கப்படுகிறது. விருது நடிப்புக்கு, எழுத்துக்கு, இயக்கத்துக்கு. ஆனால், அரங்க வாயிலில் விரித்திருக்கிறார்களே செங்கம்பளம், அங்கே அளக்கப்படுவது எது? ஆடவரிடம், "அடுத்த படைப்பு என்ன?" என்கிறார்கள். பெண்டிரிடமோ, "யார் தைத்த ஆடை?" என்கிறார்கள்!

அந்த ஆடையும் பெரும்பாலும் இரவல். விழா முடிந்ததும் ஆடை நிறுவனத்துக்கே திரும்பிவிடும். விருது பெற வந்த கலைஞரை, நடமாடும் விளம்பரப் பலகையாக்கிவிடுகிறது வணிகம்.

2014இல், நடிகர் சங்க விருது விழாவில், கேட் பிளான்செட்டை அடிமுதல் முடிவரை அளந்தது படக்கருவி. அவர் குனிந்து அதனை நோக்கி, ஆண்களையும் இப்படித்தான் பார்ப்பீர்களோ எனக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி!

2015இல், வயோலா டேவிஸ், நாடகத் தொடரின் தலைமை நடிகைக்கான எம்மியை வென்றார். அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. எம்மி தோன்றி 66 ஆண்டுகள்! அதுவரை ஆற்றலுடையோர் பிறக்கவில்லையா? பிறந்தனர், வாய்ப்புத்தான் பிறக்கவில்லை. எழுதப்படாத வேடத்துக்கு எவரும் விருது பெற முடியாது என்று மேடையிலேயே எடுத்துரைத்தார் அவர். அன்று உடுத்திய வெண்ணிற ஆடையைப் புகழ்ந்தோர் பலர். நிலைத்ததோ, அவர் உரைத்த உண்மை.

அழகை வெறுப்போரல்லர் நாம். அழகு, ஆற்றலை மறைக்கும் திரையாவதையே வெறுக்கிறோம். தோழர்களே! யார் தைத்த ஆடை என்று அவர்கள் கேட்கட்டும். யாருக்கு இன்னும் வேடம் எழுதப்படவில்லை என்று நாம் கேட்போம்.