கிரான் டூரிஸ்மோவில் யூனோஸ் ரோட்ஸ்டர்: ஒரு சிறுவண்டியின் ட்யூனிங்

கிரான் டூரிஸ்மோ, கஸுனோரி யமாவுச்சியின் தலைமையில் உருவான கார்ப்பந்தய வீடியோ கேம் வரிசை. முதல் பாகம் 1997 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்தது. சிறு தொகையோடு தொடங்கும் ஆட்டக்காரர் ஒரு சாதாரண காரை வாங்கி, பந்தயத்தில் வென்ற பணத்தைக் கொண்டு அதை மேம்படுத்திக்கொண்டே செல்வது இதன் அமைப்பு. இந்த ட்யூனிங் முறையின் பலமும் பலவீனமும் மாஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டர் போன்ற ஒரு சிறுவண்டியில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

வண்டி

ரோட்ஸ்டர் 1989-ல் அறிமுகமானது. அமெரிக்காவில் அதன் பெயர் எம்எக்ஸ்-5 மியாட்டா. இரண்டு இருக்கைகள், 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 120 குதிரைத்திறன், 940 கிலோ எடை, பின்சக்கர இயக்கம். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாகப் பகிரப்பட்டிருக்கும். குதிரையும் வீரனும் ஓருடலாவதைச் சொல்லும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியச் சொற்றொடரை மாஸ்டா இதன் வடிவமைப்புக் கொள்கையாக முன்வைத்தது. வேகம் இவ்வண்டியின் நோக்கமல்ல. வளைவில் அது ஓட்டுநருக்குக் கீழ்ப்படிவதே நோக்கம்.

கடை

கேமின் உதிரிபாகக் கடை இந்த நோக்கத்தை அறியாது. அங்கே எல்லா வண்டிக்கும் ஒரே அலமாரிதான். புதிய ஆட்டக்காரர் பெரும்பாலும் முதலில் வாங்குவது டர்போ. சக்தி கூடுகிறது. ஆனால் வளைவிலிருந்து வெளிவரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பகுதி வீசிக்கொண்டு போகிறது. அதைத் தடுக்க லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்கவேண்டும். அதன் முடுக்க அளவைக் கூட்டினால் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தள்ள, மூக்கு வளைவுக்குள் திரும்ப மறுக்கிறது. எனவே முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்தவேண்டும், டயரை மாற்றவேண்டும். ஒவ்வொரு கொள்முதலும் முந்தையது உண்டாக்கிய சிக்கலுக்கான மருந்தாக ஆகிறது. முடிவில் கையிலிருப்பது ரோட்ஸ்டரின் தோலைப் போர்த்திய வேறொரு வண்டி.

எடைக்குறைப்பு மட்டும் விதிவிலக்கு. அது வண்டி ஏற்கனவே செல்லும் திசையிலேயே செல்கிறது. பிரேக் பிடிக்கும் தூரம் குறைகிறது, டயர் நீடிக்கிறது, வளைவில் வேகம் கூடுகிறது. ஆனால் எடைக்குறைப்பும் எஞ்சினின் சில மாற்றங்களும் ஒருமுறை செய்தால் கழற்ற முடியாதவை. கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இது கடுமையான விதி. மாற்றிப் பார்த்து, திரும்ப வந்து, ஒப்பிடும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது.

அமைப்புத் திரை

கேமின் உண்மையான சாதனை கடைக்கு அடுத்த அறையில் உள்ளது. ஸ்பிரிங், டேம்பர், கேம்பர், டோ, கியர் விகிதம் ஆகியவற்றை எண்களாக மாற்றும் திரை அது. சக்தியைத் தொடாமல் இவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டுபவருக்கு, ஒரு வண்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது புலப்படுகிறது. உதாரணமாக, நெருக்கமான கியர் விகிதங்கள் 120 குதிரைத்திறனையே போதுமானதாக்கிவிடும். பொறியியல் வகுப்பில் வரைபடமாகப் பார்க்கும் விஷயம் இங்கே சில நிமிடங்களில் கைக்குத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. எண்ணுக்கும் அனுபவத்துக்கும் இடையிலான விளக்கத்தைக் கேம் மிகச் சிக்கனமாகவே தருகிறது. சில சமயம் எண்ணே நம்பத்தக்கதாக இல்லை. ஆறாம் பாகம் (2013) வெளிவந்தபோது கேம்பரைக் கூட்டினால் வளைவில் பிடிமானம் குறைந்தது. நிஜ உலகில் அளவான எதிர்மறைக் கேம்பர் பிடிமானத்தைக் கூட்டும். பின்னர் வந்த ஒரு புதுப்பிப்பே அதைச் சரிசெய்தது.

மதிப்பீடு

பிற்காலப் பாகங்களில் வந்த பிபி என்னும் செயல்திறன் மதிப்பெண் முறை இவ்வரிசையின் மிக நல்ல திருத்தம். ஒரு போட்டிக்கு மேல்வரம்பு வைத்துவிட்டால், சக்தியை வாங்குவதா பிடிமானத்தை வாங்குவதா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. சிறுவண்டிக்கு மரியாதை திரும்பக் கிடைக்கிறது. ஏழாம் பாகத்தில் (2022) சஸ்பென்ஷன் உயரத்தையும் எடைக்கட்டியையும் தாறுமாறாக வைத்து மதிப்பெண்ணைக் குறைத்துக்காட்டும் வழிகளை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தனர். நிறுவனம் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவந்தது. விதி இருந்தால் ஓட்டை தேடப்படும், அதில் வியப்பில்லை. ஓட்டை தேடுவதும் ஒருவகை ட்யூனிங்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் போட்டிகளின் வடிவம். ஏழாம் பாகத்தின் பல போட்டிகளில் ஆட்டக்காரர் கடைசியில் ஓடத் தொடங்க, முதல் வண்டி வெகுதூரம் முன்னே சென்றுகொண்டிருக்கும். சில சுற்றுகளுக்குள் அதைத் துரத்திப்பிடிக்க நேர்கோட்டு வேகம் தேவை. அமைப்புத் திரை பொறுமையைக் கற்பிக்க, போட்டி டர்போவைக் கேட்கிறது.

இந்த முரண் குறைவாகத் தெரியும் இடம் சுகுபா பந்தயத்தளம். சுமார் 2 கிலோமீட்டர் நீளம், குறுகிய வளைவுகள். நிஜத்திலும் 1989 முதல் ஊடக அணிகள் ரோட்ஸ்டர்களை மட்டுமே கொண்டு நான்கு மணி நேரம் போட்டியிட்டுவந்த தளம் இது. அங்கே மாற்றமில்லாத எஞ்சின், நல்ல டயர், இறுக்கிய கியர் விகிதங்களோடு ஓடும் ரோட்ஸ்டர், இருமடங்கு சக்திகொண்ட கனமான வண்டிகளை வளைவுக்கு வளைவு நெருங்குகிறது. பின்நேர்கோட்டில் அவை மீண்டும் விலகிச் செல்கின்றன, கடைசி வளைவில் மறுபடி நெருங்குகிறது.