மில்ட்ரெடின் மூன்று நாட்கள்

செப்டம்பர் மாதத்தின் நடுவில், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கடலோரம் ஒரு வாடகை வீடு. கணவர், மனைவி, எட்டுப் பிள்ளைகள், போதாததற்கு விருந்தாளிகள். வர்ஜீனியா வுல்ஃபின் ‘டு த லைட்ஹவுஸ்’ (1927) நாவலின் முதல் பகுதி முழுவதும் இந்தக் குடும்ப விடுமுறையின் ஒரே ஒரு மாலையும் இரவும்தான்.

விடுமுறை யாருக்கு? தத்துவவாதியான ராம்சே தோட்டத்தில் உலாவியபடி, தன் நூல்கள் எத்தனை காலம் நிற்கும் என்று கவலைப்படுகிறார். திருமதி ராம்சே கலங்கரை விளக்கக் காவலரின் நோயாளி மகனுக்குக் காலுறை பின்னுகிறார். கடைசிப் பையன் ஜேம்ஸைத் தேற்றுகிறார். கணவர் வந்து நிற்கும்போதெல்லாம் அனுதாபம் வழங்குகிறார். கண்ணாடிக் குடிலின் கூரையைச் சரிசெய்ய ஐம்பது பவுண்டு ஆகும் என்பதைக் கணவரிடம் சொல்லவும் பயம். பெண்களால் எழுதவோ வரையவோ முடியாது என்று சொல்லும் டான்ஸ்லியின் மனமும் கோணக் கூடாது. ஓவியர் லில்லி பிரிஸ்கோ உணவு மேசையில் அந்த ஆளுக்குக் கைகொடுக்காமல் இருந்து பார்க்கிறார். திருமதி ராம்சேயின் கண்கள் கெஞ்சியதும் தோற்றுப்போகிறார்.

இதையெல்லாம் நாம் நிறையப் பேசிவிட்டோம். என்னை உறுத்துவது அந்த மேசைக்கு வந்த மாட்டிறைச்சிக் குழம்பு. கல்லூரி விடுதியில் முதல் முறை படித்தபோது அதன் மணத்தில் நானும் மயங்கினேன். சொந்தமாக அடுப்படி வந்த பிறகு படித்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது: சமையற்காரி மில்ட்ரெட் அதற்காக மூன்று நாட்கள் செலவிட்டிருக்கிறார். வுல்ஃப் இதை மறைக்கவில்லை. ஆனால் மூடி திறந்ததும் பாராட்டு திருமதி ராம்சேக்குப் போகிறது. அவரும் அது தன் பாட்டியின் பிரெஞ்சுக் கைப்பக்குவம் என்கிறார். மில்ட்ரெட் மேசையில் இல்லை.

வுல்ஃபின் வீட்டிலும் நெல்லி பாக்ஸால் 1916 முதல் 1934 வரை சமைத்தார். இருவருக்கும் இடையிலான ஓயாத பூசலை வுல்ஃபின் நாட்குறிப்புகளில் படிக்கலாம். தாயின் உழைப்பை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவருக்குத் தன் சமையலறைக்குள் அந்தக் கண் மங்கித்தான் போயிருக்கிறது.

நடுப்பகுதியில் பத்தாண்டுகள் கடக்கின்றன. திருமதி ராம்சே, பிரசவம் தொடர்பான நோயில் மகள் ப்ரூ, போரில் மகன் ஆண்ட்ரூ எனச் சாவுகள் எல்லாம் அடைப்புக்குறிகளுக்குள் ஓரிரு வாக்கியங்களாக முடிகின்றன. பூஞ்சணம் பிடித்த வீட்டை மீண்டும் ஒரு செப்டம்பருக்காகத் துடைத்து எடுப்பவர்கள் வயதான இரு பெண்கள், மெக்நாப்பும் பாஸ்டும். அந்தப் பக்கங்களின் அழகை மறுக்க மாட்டேன். மெக்நாப்பை அறிவு மழுங்கியவராகக் காட்டும் சொற்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் சமையற்காரியை நினைத்துப் பார்ப்பவர் அவர்தான். சமையலறையில் சேர்ந்து சிரித்தது நினைவிருக்கிறது. பெயர்தான் வரவில்லை: மில்ட்ரெடா, மரியனா?