போய்வா என்றது யார்?

சாளரம் திறந்திருக்கிறது. அதன் அருகே இரண்டு மாதர், ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு நிற்கின்றனர். ஆடையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. வெளியே, காக்கி உடுத்த வீரர் சிலர் முதுகைக் காட்டி நடந்து செல்கின்றனர். முதுகு காட்டுவது பகைவர்க்கு அல்ல, இல்லத்துக்கு! மாதர் விழிகளில் நீர் இல்லை. நிமிர்ந்த தலை, நேரிய நோக்கு. படத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: பிரிட்டன் நாட்டுப் பெண்கள் சொல்கின்றனர், "போ!"

1915ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்ட படம் இது. வரைந்தவர் ஈ. ஜே. கீலி என்னும் ஓவியர். வெளியிட்டது, படைக்கு ஆள் திரட்ட நாடாளுமன்றத்தின் பெயரால் அமைந்த ஒரு குழு. நூறாண்டு கடந்தும் அருங்காட்சியகங்களிலும் வரலாற்று ஏடுகளிலும் அது வாழ்கிறது. ஓவியம் என்ற முறையில் அதற்கு ஆற்றல் உண்டு, மறுப்பதற்கில்லை. அந்தச் சாளரத்தின் சட்டமே, வீட்டுக்கும் போருக்கும் இடையே ஒரு கோடு கிழித்துவிடுகிறது. நாம் வழக்கிடுவது தூரிகையோடு அல்ல; வாசகத்தோடு.

பெண்கள் சொல்கின்றனராம்! எங்கே சொன்னார்கள்? எவரிடம் சொன்னார்கள்? போர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு கட்டிய மன்றத்தில் ஒரு பெண்ணும் இல்லை. அந்த மன்றத்துக்கு ஆள் அனுப்பும் வாக்குரிமைகூட அவளுக்கு இல்லை. 30 அகவை கடந்தவர்க்கு மட்டும், அதுவும் சொத்துத் தகுதியைப் பார்த்து, 1918இல் தந்தார்கள். ஆணுக்கு நிகராகத் தந்தது 1928இல். பேசும் உரிமை கேட்டு வீதிக்கு வந்தவளைச் சிறையில் அடைத்தார்கள். உண்ண மறுத்தபோது குழாய் வழியே உணவைத் திணித்தார்கள். நேற்றுவரை அவள் வாயில் உணவைத் திணித்தவர்கள், இன்று அவள் வாயில் சொல்லைத் திணிக்கிறார்கள்! திணிக்கும் கை ஒன்றுதான்.

"அப்படியானால், படையிற் சேரும் கணவனைக் கண்டு மனைவி பெருமை கொள்ளக் கூடாதா?" என்று கேட்பர் சிலர். கொள்ளலாம். கொண்டாள். அந்தப் பெருமிதம் பொய்யன்று. பொய்யாக இருந்திருந்தால் சுவரொட்டிக்காரர் அதைத் திருடியிருக்கமாட்டார். பித்தளையை எவர் களவாடுவார்?

அது பிறந்த இடத்தைப் பார்ப்போம். போருக்கு முன்பே, 1907இல், போர் அமைச்சர் ஹால்டேன் ஒரு சட்டம் இயற்றினார். அதன்படி 1908 ஏப்ரல் முதல் நாள் டெரிட்டோரியல் படை என்னும் தொண்டர் படை தோன்றிற்று. எழுத்தர், கடைச் சிற்றாள், ஆலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர் எனப் பலரும் அதில் சேர்ந்தனர். பகலில் பிழைப்பு, மாலையில் பயிற்சிக் கூடம், ஆண்டுக்கொரு முறை இரண்டு வார அளவில் முகாம். தாய்நாட்டைக் காப்பது கடமை; தாமாக இசைந்தாலன்றிக் கடல் கடந்து அனுப்பக் கூடாது என்பது விதி. மறு ஆண்டு சனவரியில் இலண்டன் விண்டம்ஸ் அரங்கில் 'ஓர் ஆங்கிலேயனின் இல்லம்' என்ற நாடகம் நடந்தது. எழுதியவர் கை டு மோரியே என்னும் படை அதிகாரி. விளையாட்டிலும் வேடிக்கையிலும் மூழ்கிக் கிடக்கும் குடும்பத்தின் வீட்டுக்குள் அயல்நாட்டுப் படை நுழைந்துவிடும் கதை. கலைச்சுவை அதில் குறைவே. ஆனால் பார்த்தவர்கள் நாணினர். நாணியவர்கள் போய்ப் படையிற் சேர்ந்தனர். ஆணை நாணவைத்து ஆள் சேர்த்தது நாடகம். பெண்ணைப் பெருமைப்படவைத்து ஆள் சேர்த்தது சுவரொட்டி.

டெரிட்டோரியல் வீரனின் மனைவியை எண்ணிப் பாருங்கள். பாசறையில் வாழும் படைவீரனின் மனைவி அல்லள் இவள். இவள் கணவன் பாதி வீரன், பாதிக் குடும்பத்தான். அவன் பயிற்சிக்குப் போன மாலைகளில் பிள்ளைகளை உறங்கவைத்தவள் இவள். மழையில் நனைந்த சீருடையைக் கணப்பருகே உலர்த்தியவள் இவள். ஆண்டு முழுதும் காத்திருந்த விடுமுறை, கடற்கரைக்குப் போகாமல் முகாமுக்குப் போயிற்று. அதைப் பொறுத்தவள் இவள். அவன் சீருடை அணிந்து தெருவில் நடக்கும்போது இவள் தலை நிமிர்கிறது என்றால், அதில் வியப்பென்ன? அந்த மிடுக்கில் இவள் உழைப்பும் இருக்கிறது. உழைத்தவள் உரிமை கொண்டாடுகிறாள்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. "கடல் கடந்து வரச் சம்மதமா?" என்று அவனைக் கேட்டார்கள். பல்லாயிரவர் கையொப்பம் இட்டனர். அக்டோபர் 31ஆம் நாள், பெல்ஜிய நாட்டு மெசீன் மேட்டில், இலண்டன் ஸ்காட்டிஷ் அணி போரிட்டது. களம் புகுந்த முதல் டெரிட்டோரியல் காலாட்படை அணி அது. மாலையில் வீடு திரும்பும் வீரனை எண்ணிப் பெருமைப்பட்டவளுக்கு, இப்போது கிடைத்தது வேறொரு வாழ்வு. அவள் முதலில் இசைந்தது ஒன்றுக்கு; வந்து சேர்ந்தது இன்னொன்று. இரண்டாம் முறை அவளைக் கேட்டவர் யார்?

கேட்ட நாடு ஒன்று உண்டு. கனடாவில், போரின் தொடக்கத்தில், மணமானவன் படையிற் சேர மனைவியின் இசைவை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று விதி இருந்தது. இசையாத மனைவியரும் இருந்தனர். 1915இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆண்டைக் கவனியுங்கள்! ஓவியத்துப் பெண் "போ" என்று முழங்கிய அதே ஆண்டில், உயிருள்ள பெண்ணின் கையொப்பம் தேவையில்லை என்றாயிற்று. நாடு வேறு; அரசியின் கொடி, அல்ல, அரசரின் கொடி ஒன்றே.

பெருமிதம் என்னும் மெய்ப்பாடு எவற்றிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது: கல்வி, தறுகண், புகழ், கொடை. இலக்கியத்தை அளக்க இதைவிட நல்ல கோல் நமக்கு வேண்டியதில்லை. கணவனை அனுப்பும் மனைவியின் பெருமிதம் இந்த நான்கில் எது? தறுகண்மை அவனுடையது, புகழும் பெரும்பாலும் அவனையே சாரும். அவளுக்கு உரியது கொடை. கொடை என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். கொடேன் என்று சொல்லும் உரிமை உள்ளவர் கொடுத்தால்தான் அது கொடை. அந்த உரிமை இல்லாதவரிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர்கள் உண்டு.

புறநானூற்றின் 279ஆம் பாட்டைத் தமிழறிந்தோர் அறிவர். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது; பெண்ணைப் பெண் பாடியது. முந்தைய போர்களில் தந்தையையும் கணவனையும் இழந்தவள், பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேல் தந்து, களம் நோக்கிப் போகச் சொல்கிறாள். அங்கும் "போ" என்ற சொல்தான்! ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்பே புலவர் நடுங்கிவிடுகிறார். இவள் துணிவு கொடிது என்று முதலில் திடுக்கிட்டு, அதன் பிறகே வியக்கிறார். கொடுப்பவள் எவற்றை முன்பே கொடுத்துவிட்டாள் என்ற கணக்கும் பாட்டுக்குள் இருக்கிறது. அந்த வீரத்தை நாம் இன்று மேடையில் முழங்குகிறோம். புலவரின் நடுக்கத்தை விட்டுவிடுகிறோம். அது வேறு கதை. கீலியின் படத்தில் நடுக்கம் இல்லை, கணக்கும் இல்லை. அவளுக்குப் பெயரும் இல்லை; "பெண்கள்" என்ற பன்மைக்குள் அவள் கரைந்துபோனாள்.

பெருமைக்குரிய இந்தப் பெண்ணை அரசு எப்படி நடத்திற்று? கணவன் களத்தில் இருக்கும் காலத்துக்குப் பிரிவுப்படி என்று ஒரு தொகை தந்தார்கள். நல்லதுதான், பல வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் 1914 அக்டோபரிலேயே ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. வீரர்களின் மனைவியர் குடிக்கின்றனரா, ஒழுக்கம் தவறுகின்றனரா என்று காவல்துறை கண்காணிக்க வேண்டும். "தகுதியற்றவள்" என்று கண்டால் படியை நிறுத்தலாம்! சில்வியா பாங்கர்ஸ்ட் போன்றோர் கொதித்தெழுந்தனர். சுவரில் அவள் வீரத்தாய். சுவருக்குப் பின்னால் அவள் ஐயத்துக்கு உரியவள். சாளரத்தருகே அவளை நிறுத்தியவர்களே, அதே சாளரத்தின் வழியே அவளை உளவு பார்த்தனர்.

1916 சனவரியில் மணமாகாதவர்க்கும், அதே ஆண்டு மே திங்களில் மணமானவர்க்கும் கட்டாயப் படைச் சேவைச் சட்டம் வந்தது. சட்டமே "போ" என்று சொல்லத் தொடங்கிய பிறகு, பெண்ணைக் கொண்டு சொல்லவைக்கும் தேவை தீர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், 1938 செப்டம்பரில், பெண்களுக்கென்றே ஒரு துணைப் படை பிரிட்டனில் அமைந்தது. அதில் சேர்ந்தவர்கள் அப்போது தொண்டர்களே. அதற்கு ஆள் சேர்க்க 1941இல் ஏப்ராம் கேம்ஸ் ஒரு சுவரொட்டி தீட்டினார்: தொப்பியணிந்த இளநங்கை ஒருத்தியின் முகம், பக்கவாட்டில், ஒளி வீச. மிக அழகாய் இருக்கிறாள் என்று எதிர்ப்பு எழுந்தது. படம் திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் நின்றபோது அவள் அழகு எவரையும் உறுத்தவில்லை. தானே சீருடை அணிந்ததும் உறுத்திற்று. அதே ஆண்டு இறுதியில் மணமாகாத மகளிர்க்குக் கட்டாயச் சேவை வந்தபோது, மனைவியரை விலக்கி வைத்தார்கள். மனைவி என்றால் சாளரத்தருகேதான் என்ற நினைப்பு சட்டத்தையும் விட்டபாடில்லை.

கேம்ஸின் படத்தில் அந்த நங்கை தனியே இருக்கிறாள். பின்னால் சாளரம் இல்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து, விழிநீரை அடக்கி, படையிற் சேரும் மனைவியைப் பெருமிதத்தோடு பார்த்து நிற்கும் கணவன் ஒருவனை அந்நாளைய சுவரொட்டிகள் எதிலும் நாம் கண்டதில்லை. அத்தகைய கணவர்கள் இருந்திருப்பர். இன்று அங்கே அந்தத் தொண்டர் படைக்கு 'ஆர்மி ரிசர்வ்' என்று பெயர். 2018 முதல் அந்நாட்டுப் படையின் எல்லாப் பணிகளும் பெண்களுக்குத் திறந்துள்ளன. மாலைப் பயிற்சிக்கு மனைவி புறப்பட, அடுப்படியில் நின்று வழியனுப்பும் கணவனை எழுத ஒரு நாடகாசிரியர் வரட்டும். அவன் முதலில் என்ன சொல்வான், சொல்லத் தயங்குவது எது என்று கேட்க நாம் ஆவலாய் இருக்கிறோம்.