கியூபிசமும் கடைத்தெருவும்

1912இல் பிக்காசோ ஆக்கிய பிரம்பு நாற்காலி ஓவியத்தில் பிரம்புப் பின்னல் தீட்டப்பட்டதன்று. பின்னல் அச்சிடப்பட்ட மலிவான மெழுகுசீலை ஒட்டப்பட்டுள்ளது. ஈண்டுக் கண்ணை ஏய்ப்பது தூரிகையன்று, தொழிற்சாலையின் அச்சு. வீட்டுச் சுவர் அலங்காரத் தொழில் பயின்ற பிராக், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டியதும் அதே ஆண்டில்தான். மாயத்தோற்றமே விற்பனைப் பண்டமாகிவிட்டமையை இருவரும் கண்டுகொண்டனர்.

கொழும்பில் 1943இல் தோன்றிய '43 குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற், கியூபிசத்தின் கோடுகளையும் தளப் பகுப்பையும் ஏற்றார். அக்கோடுகளின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நாயகியரும் புராணங்களும் நிறைந்த அவருலகில் கடைத்தெருவுக்கு இடம் அரிது. குழு உருவான லயனல் வென்ற்றின் இல்லம் கறுவாத்தோட்டத்தில் இருந்தது. கொம்பனித்தெரு அதிகத் தொலைவன்று. அத்தெருவின் பெயர்ப்பலகைகளையும் தீப்பெட்டிச் சித்திரங்களையும் கலைக்குரிய மூலப்பொருளாகக் கொள்ள அவர்தம் வர்க்கப் பார்வை இடந்தரவில்லை என்றே கருதுகிறோம். பிராக் பயின்ற தொழிலையொத்ததே அங்குப் பலகை எழுதியோரின் தொழிலும் என்பது மனங்கொள்ளத்தக்கது.