கண்டெடுத்தவர் கதையும் கேட்கிற காதும்

இந்தித் திரையிசைப் பதிவுகளில் கிடாரும் கீபோர்டும் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் பம்பாயில் ஒரு தட்டு போட்டார். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். ரோலண்டு நிறுவனத்தின் ஜூபிடர் 8 சிந்தசைசர், டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303 என்கிற சின்ன பாஸ் பெட்டி, இந்த மூன்றையும் இணைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருந்தார். தபலா கிடையாது. தட்டு விற்கவில்லை. இருபது வருடம் கழித்து எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் பழைய தட்டுகளைத் துழாவும்போது அது கையில் சிக்கியது. 2010இல் தன்னுடைய 'பாம்பே கனெக்‌ஷன்' லேபிளில் அதை மறுபடி வெளியிட்டார். அன்றிலிருந்து இந்தத் தட்டோடு ஒரே செய்திதான் ஊர் ஊராகச் சுற்றுகிறது: சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே பம்பாய்க்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதிகம் பேர் கேட்டிராத மின்னணு இசையையும் தொலைதூர நாடுகளின் இசையையும் தேடிப் பிடித்துப் பரிந்துரைப்பது இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அந்தக் கலை சாதித்ததும் சறுக்கியதும் இந்த ஒரு செய்திக்குள்ளேயே தெரிகிறது. செய்தி கவர்ச்சியானது, தேதிக் கணக்கும் சரி. சிகாகோவின் 'பியூச்சர்' குழு 'ஆசிட் டிராக்ஸ்' பாட்டை வெளியிட்டது 1987இல்தான். ஆனால் இசையைப் பற்றி அந்தச் செய்தி சொல்வது தவறு.

டிபி 303, தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்குப் பக்கத்தில் ஒரு பாஸ் வாசிப்பவர் இருப்பதுபோலக் காட்ட உருவாக்கப்பட்ட பெட்டி. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்யவில்லை, 1984இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அடிமாட்டு விலைக்கு வந்த பெட்டிகளை வாங்கிய சிகாகோ இளைஞர்கள், ஒரே சிறு தொடரை ஓடவிட்டு அதன் திருகுகளைத் திருகித் திருகி, பெட்டியின் முனகலையே பாட்டாக்கினார்கள். சரண்ஜித் சிங் செய்தது இதற்கு நேர் எதிர்த் திசை. பெட்டியை அதன் பிறவி வேலையான பக்கவாத்தியத்துக்கே வைத்துக்கொண்டார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. மேலே ஜூபிடரில் ராகம் போக, கீழே 303 அந்த வழுக்கலோடு ராகத்தின் ஸ்வரங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டு தட்டுகளும் ஒரே மாதிரி ஒலிப்பது, பெட்டி ஒன்று என்பதால். சிகாகோக்காரர்களுக்கு இவரைத் தெரியாது. இவரும் அப்படி எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பியவர் இல்லை.

'முதலில் செய்தவர்' என்ற பட்டம் கொடுத்ததும், அவர் உண்மையில் செய்ததைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. பைரவ் நம் மாயாமாளவகௌளை, யமன் கல்யாணி, பூபாலி மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி. சினிமாப் பாட்டு வழியாகவாவது இந்த ராகங்கள் காதில் ஊறியவருக்கு, எது பிடிபட்டிருக்கிறது எது நழுவியிருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும். மால்கௌன்ஸ், கலாவதி மாதிரி ஐந்து ஸ்வர ராகங்கள் இயந்திரத் தாளத்துக்கு நன்றாக மசிகின்றன. ஸ்வரங்களுக்கிடையே இடைவெளி அதிகம், ஓட்டத்தைத் தாங்கும். லலித் அப்படியில்லை. இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து வந்து உரசுகிற அந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். 808 யாரையும் நிற்கவிடுவதில்லை. பத்து ராகத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஓட்டம் என்பதால், ஒரே மூச்சில் கேட்டால் பாதிக்கு மேல் அலுக்கவும் செய்கிறது. இந்தத் தட்டைப் பரிந்துரைத்து நான் படித்த எதிலும் இந்த அலுப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. தொலைந்து கிடைத்த பொருளில் குறை சொல்வது ஏதோ அபசகுனம் போல.

ஆனாலும் அந்தத் தப்பான செய்தி இல்லாமல் மறுவெளியீடு இவ்வளவு தூரம் போயிருக்குமா? போயிருக்காது என்றே நினைக்கிறேன். எழுபதைத் தாண்டிய வயதில் சரண்ஜித் சிங் அதே கருவிகளோடு ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015இல் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. திரைக்குப் பின்னாலேயே வாழ்ந்து முடிக்கவேண்டிய ஒரு வாத்தியக்காரருக்கு இது கிடைத்தது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

பரிந்துரை சரியாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி ஹைலு மெர்ஜியா. அடிஸ் அபாபாவில் கொடிகட்டிப் பறந்த வாலியாஸ் இசைக்குழுவின் கீபோர்டுக்காரர். 1980களின் தொடக்கத்தில் குழுவோடு அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1985இல் வாஷிங்டனில் தனியாளாக ஒரு கேசட் பதிவு செய்தார். சிறுவயதில் வாசித்த அக்கார்டியனைத் திரும்ப எடுத்து, மூக் சிந்தசைசர், யமஹா டிஎக்ஸ் 7, டிரம் மெஷின் ஆகியவற்றோடு சேர்த்தார். எத்தியோப்பியாவின் பழைய மெட்டுகள், ஐந்து ஸ்வரச் சட்டகம், மேலே அக்கார்டியனின் மூச்சு, அடியில் இயந்திரத்தின் சலிக்காத டக் டக். ஊரைவிட்டு வந்தவனின் ஏக்கம் என்று இதைச் சொல்வது சுலபம். கேட்டால் ஏக்கத்தைவிடக் குறும்புதான் அதிகம் தெரிகிறது. பிறகு அவர் டாக்சி ஓட்டப் போய்விட்டார். வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில், டிக்கியிலிருந்து கீபோர்டை எடுத்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாதகம் செய்வாராம்.

அந்தக் கேசட்டை எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில் கண்டெடுத்த பிரையன் ஷிம்கோவிட்ஸ், மெர்ஜியாவைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தார். 2013இல் 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆஃப்ரிகா' லேபிளில் மறுவெளியீடு வந்தது. லாபத்தில் சரிபாதி கலைஞருக்கு என்பது அந்த லேபிளின் வழக்கம். மெர்ஜியா மேடைக்குத் திரும்பினார், 2018இல் 'லாலா பெலு' என்று புத்தம் புதிய ஆல்பமும் கொடுத்தார். பழைய கேசட்டோடு நிற்காமல் புதிய இசை பிறக்க வழி விட்டதுதான் இதில் பெரிய விஷயம். ஆனால் 'டாக்சி ஓட்டிய மேதை' என்ற தலைப்பு இல்லாமல் மெர்ஜியாவைப் பற்றி ஒரு பரிந்துரையாவது உண்டா, பாருங்கள். 'லாலா பெலு' அந்தத் தலைப்பு தேவைப்படாத தட்டு. அதை அப்படியே யாரும் விடுவதில்லை.

கலைஞர் கதை சொல்ல மறுத்தால், மறுப்பையே கதையாக்கிவிடும் வித்தையும் உண்டு. நைஜீரியாவின் எனுகு நகரைச் சேர்ந்த வில்லியம் ஒன்யேபோர், 1977க்கும் 1985க்கும் இடையில் எட்டு ஆல்பங்களைச் சொந்தமாக வெளியிட்டவர். சிந்தசைசரும் பெண் குரல்களும் விட்டேற்றியான தாளமுமாக, பத்து நிமிடம் ஓடினாலும் அலுக்காத பாட்டுகள். பிறகு கிறிஸ்தவப் பக்தியில் முழுக்க இறங்கி, பழைய இசையைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தார். லுவாகா பாப் லேபிள் 2013இல் கொண்டுவந்த தொகுப்புக்கு வைத்த பெயர் 'வில்லியம் ஒன்யேபோர் யார்?' என்ற கேள்வி. சோவியத் நாட்டில் சினிமா படித்தாராம், இல்லையாம் என்று வதந்திகள் வேறு. ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொள்கிறார், நாம் சாவித்துவாரத்தைப் படம் பிடித்து அட்டையில் போடுகிறோம். தொகுப்பு அருமையானது, சந்தேகமில்லை. இந்த விளம்பர முறை எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மனிதர்களே பரவாயில்லை என்று நினைக்கவைத்தது யூடியூப். ஜப்பானியத் தாளவாத்தியக் கலைஞர் மிடோரி தகாடா 1983இல் போட்ட 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்', அந்தத் தளத்தின் தானியங்கிப் பரிந்துரையால் லட்சக்கணக்கானோரை எட்டியது. 2017இல் மறுவெளியீடு வந்தது, தகாடா வெளிநாட்டு மேடைகளுக்குப் போனார். இயந்திரத்துக்குக் கதை தெரியாது, அந்த வகையில் அது நேர்மையானது. ஆனால் எந்த வேலைக்கு நடுவே எந்த ஒலி உறுத்தாமல் ஓடும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். படிக்க, தூங்க, தியானம் செய்ய என்று அடுக்கிவைத்த ஜப்பானியச் சூழலிசை வரிசையில் தகாடாவையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அதே வரிசையில் இருக்கும் ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட்கார்ட்ஸ்' பின்னணியில் ஓடுவதில் தப்பில்லை. டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் அப்படி ஒலித்த இசைதான் அது. தகாடாவின் தட்டு வேறு சாதி. மரிம்பா, மணிகள், கோலா பாட்டில்கள் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். கடைசிப் பாட்டு கால் மணி நேரம் ஏறி ஏறிப் போய் முரசு வெறியில் முடிகிறது. அதைத் தூங்குவதற்குப் போட்டவர் தூங்கியிருக்க முடியாது. அல்லது அதுவரை விழித்திருக்கவில்லை.

கேட்கும் இடம் மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. கின்ஷாசாவின் 'கொனோனோ நம்பர் 1' குழுவை எடுத்துக்கொள்ளலாம். 2004இல் பெல்ஜியத்தின் கிராம்ட் டிஸ்க்ஸ் வெளியிட்ட 'காங்கோட்ரோனிக்ஸ்' மூலம் உலகம் அவர்களை அறிந்தது. கட்டைவிரலால் மீட்டும் லிகெம்பே கருவிக்குப் பழைய வாகன உதிரிகளின் காந்தத்தை வைத்து மின்னூட்டி, கூம்பு ஒலிபெருக்கி வழியாக அலறவிட்டார்கள். அந்த இரைச்சலைக் கேட்ட ஐரோப்பா, இது டெக்னோ, இது பங்க் என்று கொண்டாடியது. நிறுவனர் மிங்கியெடி மவாங்கு வாசித்ததோ பசோம்போ மக்களின் பழைய சடங்கிசை. தெருச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்பதற்குத்தான் அத்தனை ஏற்பாடும். கோயில் கொடைக்கு வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் கரகரப்பு நமக்குப் பரிசோதனையாகப் படாது, திருவிழாவாகப் படும். கொனோனோவைத் தமிழில் பரிந்துரைப்பவர் டெக்னோ வழியாகச் சுற்றி வரத் தேவையில்லை.

'வேர்ல்ட் மியூசிக்' என்ற வகையே இப்படிச் சுற்றி வந்ததுதான். 1987 கோடையில் லண்டன் மதுக்கடை ஒன்றின் மாடியில் சிறு லேபிள்காரர்கள் கூடி, கடைகளில் எந்த அலமாரியிலும் அடங்காத தட்டுகளுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பெயர். வியாபார ஏற்பாடு, அவ்வளவே. அதனால் பலன் பெற்ற கலைஞர்கள் ஏராளம். லுவாகா பாப்பைத் தொடங்கிய டேவிட் பர்ன் 1999இல் இந்த வகைப்பாட்டை வெறுப்பதாகக் கட்டுரை எழுதினார். கிராமி விருதுக்காரர்கள் 2020இல் பெயரை மாற்றினார்கள். அலமாரி அதே இடத்தில்தான் இருக்கிறது.

அலமாரியின் ஆபத்து, உள்ளே எல்லாம் ஒன்றாகிவிடுவது. பிரான்சின் 'டீப் ஃபாரஸ்ட்' 1992இல் வெளியிட்டு உலகமெங்கும் ஓடிய 'ஸ்வீட் லல்லபி' பாட்டில் ஒலிக்கும் தாலாட்டு, சாலமன் தீவுகளின் அஃபுனக்வா என்ற பெண் பாடியது. 1970 வாக்கில் ஹியூகோ செம்ப் என்ற ஆய்வாளர் பதிவு செய்தது. ஆல்பமோ மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாசிகளின் இசை என்ற தோரணையில் விற்றது. கேட்டவர்கள் தாலாட்டையும் ஆப்பிரிக்கா என்றே நம்பினார்கள். செம்ப் பின்னால் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். இங்கே பரிந்துரைக்கத் தகுந்தது செம்ப்பின் மூலப்பதிவு. அதில் மின்னணுத் தாளம் இல்லை, ஆனால் பாடியவர் யார், எந்த ஊர் என்று இருக்கிறது.

அதிகம் பேர் கேட்டிராத இசை என்கிறோமே, யார் கேட்டிராதது என்றும் கேட்கவேண்டும். சிரியாவின் ஓமர் சுலைமான் நூற்றுக்கணக்கான கல்யாணக் கேசட்டுகளில் பாடியவர். அவர் பகுதியில் அவரை அறியாதவர் இருந்திருப்பாரா என்ன? 2007இல் 'சப்ளைம் ஃப்ரீக்வென்சீஸ்' தொகுப்பு வந்தபின் அவர் மேற்கில் 'கண்டுபிடிக்கப்பட்டார்'. நமக்கும் அது நடந்தது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிள், 1977 முதல் 83 வரையிலான இளையராஜா பாட்டுகளை 'சொல்ல சொல்ல' என்ற பெயரில் தொகுத்து, கோலிவுட்டின் எலக்ட்ரானிக் பாப் என்று அறிமுகம் செய்தது. இளையராஜா, அரிய கண்டெடுப்பு! முதல் எதிர்வினையாகச் சிரிப்பு வருவது இயல்புதான்.

சிரித்து முடித்தபின் அந்த வழியில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். நாம் இந்தப் பாட்டுகளைப் படத்தின் பெயரால், பாடகரின் பெயரால், வரிகளால் நினைவு வைத்திருக்கிறோம். மொழி புரியாத காதுக்கு அவை எதுவும் கிடையாது. ஆகவே அது பாஸ் கிடாரின் நடையையும், சிந்தசைசர் சட்டென்று குறுக்கே வரும் இடத்தையும், பல்லவிக்கு முந்தைய பத்து விநாடியையும் கேட்கிறது. இவையெல்லாம் நம் வானொலியில் தினமும் ஓடின, நாம் பாடகர் வாய் திறக்கும்வரை பொறுத்துக்கொண்டிருந்தோம். வெளியூர்க் காதிடம் இந்த அளவு கற்றுக்கொள்ளலாம். அதனால் எட்ட முடியாத இடமும் உண்டு. அந்தக் காலத்துப் படத் தட்டுகளின் உறையில் வாசித்தவர்கள் பெயரைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். இளையராஜா குழுவில் கீபோர்டில் விஜி மேனுவல், டிரம்ஸில் புருஷோத்தமன், பாஸில் சசிதரன் இருந்தார்கள் என்பது இங்கே இசைப் பித்தர்கள் வாய்வழியாகக் கடத்திவந்த செய்தி. எந்தப் பாட்டில் யார், எந்தக் கருவியில், எந்தப் பதிவுக்கூடத்தில் என்று பாட்டுக்குப் பாட்டு எழுதிவைத்து ஒருவர் பரிந்துரைத்தால், நூறு தரம் கேட்ட பாட்டை நூற்றியோராவது தரம் நான் கேட்கத் தயார்.